சென்னைத் தண்ணீரில் ஒரு பிளாக்வாட்டர் தொட்டி

இலையும் கட்டையும் ஊறி டிக்காஷன் நிறத்துக்கு வந்த தண்ணீரில் மீனும் செடியும் வளர்க்கிற பிளாக்வாட்டர் தொட்டியை வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை பாதாம் இலை போடணும்?" என்பதுதான். இலை கடைசியில் வருகிற சமாசாரம். சென்னையில் இருந்துகொண்டு இந்தத் தொட்டியை அமைப்பவருக்கு முக்கால்வாசி வேலை தண்ணீரில் இருக்கிறது. அதை ஆரம்பத்திலேயே சரிசெய்துவிட்டால், மற்ற தொட்டிகளுக்குப் படுகிற பாட்டில் பாதிகூட இதற்குப் பட வேண்டாம். நான் அம்பத்தூரில் முதல் மாடியில் இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாளி தூக்குவது எனக்குப் பிடிக்காது. அந்தக் கணக்கில்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அசல் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாம். அமேசானின் கிளை ஆறான ரியோ நீக்ரோ, பிரேசிலின் மனாவுஸ் நகரத்துக்குப் பக்கத்தில் சொலிமோயிஸ் ஆற்றோடு சேர்கிறது. ஒன்று கறுப்பு, மற்றது செம்மண் கலங்கல். இரண்டும் உடனே கலக்காமல் சில கிலோமீட்டர் தூரம் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன. ரியோ நீக்ரோ மணற்பாங்கான, சத்து அரித்துப்போன பழைய நிலத்திலிருந்து வருகிறது. அதனால் தண்ணீரில் சுண்ணாம்பு, உப்பு எல்லாம் அநேகமாகக் கிடையாது. மழைக்காலத்தில் ஆறு காட்டுக்குள் மாதக்கணக்கில் ஏறி நிற்கும்போது, கீழே கிடக்கிற இலையும் கட்டையும் ஊறி தண்ணீருக்கு நிறம் கொடுக்கிற ஹ்யூமிக் அமிலங்களையும் டேனினையும் விடுகின்றன. அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு இல்லை என்பதால் பிஎச் 4, 5 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. மலேசியா, போர்னியோ, சுமத்ரா பக்கத்துச் சதுப்புக் காடுகளிலும் இதே கதைதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை, அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுகிற கருவியை, முக்கினால் 900க்கு மேல் காட்டும். இதில் ஒரு கூடை இலையைப் போட்டாலும் நிறம்தான் வரும், பிஎச் அசையாது. தண்ணீரில் இருக்கும் கார்பனேட், இலை விடுகிற அமிலத்தை அப்படியே விழுங்கிவிடும். அதை அளக்கிற சோதனைக்குப் பெயர் கேஎச். சின்ன பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாறுவதற்கு எத்தனை சொட்டு பிடிக்கிறது என்று எண்ணினால் போதும். டிடிஎஸ் மீட்டர் ஒன்று, கேஎச் சோதனை ஒன்று, இந்த இரண்டுக்கும் காசு செலவழியுங்கள். மற்ற கருவி எதுவும் அவசரமில்லை.

நம் இலக்கு ரியோ நீக்ரோ இல்லை. டிடிஎஸ் 80 முதல் 120, கேஎச் 1 அல்லது 2, பிஎச் 6லிருந்து 6.5. இந்த இடத்தில் மீனும் செடியும் நன்றாக இருக்கும், தொட்டியும் தடுமாறாது. கேஎச்சைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் பிஎச் எப்போது சரியும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தொட்டி வேலை குறைந்த தொட்டியாக இருக்காது.

தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று, சமையலறை ஆர்ஓ. அது தருகிற தண்ணீரை முதலில் அளந்து பாருங்கள். பல மெஷின்களில் டிடிஎஸ்ஸைக் கூட்டிக்காட்ட ஒரு சின்ன வால்வு இருக்கும். சிலவற்றில் 'ஆல்கலைன்' கார்ட்ரிட்ஜ் போட்டிருப்பார்கள், அது நமக்கு வேண்டாத வேலையைச் செய்யும். மீட்டர் 20 காட்டினால், ஒன்பது பங்கு ஆர்ஓவுக்கு ஒரு பங்கு 900 டிடிஎஸ் போர்வெல் தண்ணீர் கலந்தால் 108 வரும். ஏற்கெனவே 60, 70 காட்டினால் கேஎச் எவ்வளவு என்று பார்த்துவிட்டு அப்படியே ஊற்றலாம். இரண்டாவது வழி மழை. ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிட்டு, மாடி கழுவி ஓடியபின் பிடித்த தண்ணீர் அருமையாக இருக்கும். டிரம்மை மூடி போட்டு, மூடிக்கு மேல் துணியும் கட்டுங்கள். கொசு அதில்தான் முதலில் முட்டையிடும். மெட்ரோ வாட்டரைக் கலப்பதாக இருந்தால், அதில் குளோரின் இருக்கும். கடையில் ஆன்டிகுளோரின் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதைப் போட்டுவிட்டுக் கலக்குங்கள்.

தொட்டி இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி போதும். கணக்குக்கு 56 லிட்டர், மண்ணும் கட்டையும் போக 45 லிட்டர் நிற்கும். இதைவிடச் சின்னதாக வாங்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய வெயில் காலத்தில் சூடு சட்டென்று ஏறும். மேற்கு வெயில் விழாத சுவர், ஆடாத மேசை, அடியில் தெர்மோகோல் ஷீட். நிரப்பியபின் எல்லாம் சேர்ந்து 70 கிலோவை ஒட்டி வரும், அப்புறம் நகர்த்த முடியாது.

அடியில் போடுகிற மண்ணில் பலர் கோட்டை விடுகிறார்கள். மார்பிள் சிப்ஸ், பவளத்துண்டு, கடற்கரை மணல், சிப்பி எதுவும் கூடாது, எல்லாம் சுண்ணாம்பு. சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் வெளியே போட்டுவிடுங்கள். நான் அடியில் ஓர் அங்குலத்துக்குச் சலித்த செம்மண், அதன்மேல் ஒன்றரை அங்குலத்துக்குக் கழுவிய சிலிக்கா மணல் போட்டிருக்கிறேன். நர்சரியில் செம்மண் வாங்கும்போது எரு கலந்ததா என்று இரண்டு முறை கேளுங்கள். கலந்திருந்தால் தொட்டியில் அமோனியா பொங்கும். செம்மண் மணலுக்கு மேல் எட்டிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் விடும்போது ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலையாது.

கட்டைக்கு நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளை போதும். பட்டையை உரித்து, கொதிக்கும் நீரில் போட்டு, மூழ்கும்வரை ஒரு பக்கெட்டில் ஊற வையுங்கள். தொட்டியில் வைத்த முதல் வாரத்தில் கட்டைமேல் வெள்ளையாக, வழவழவென்று ஒன்று படரும். கையில் எடுத்தால் ஜெல்லிபோல் நழுவும். அது ஒன்றும் செய்யாது, சில வாரத்தில் தானாகவே காணாமல் போய்விடும். கட்டையை வெளியே எடுத்துத் தேய்த்தால் திரும்பவும் வரும், உங்களுக்குத்தான் கை வலிக்கும்.

செடிகள். இந்த நிறத் தண்ணீர் வெளிச்சத்தைக் குடித்துவிடும், அதிலும் நீலப் பக்கத்தை அதிகமாக. ஆகவே சிவப்புத் தண்டுச் செடிகளை மறந்துவிடுங்கள். நிழலில் வளர்கிற நான்கு வகை போதும். தரையில் கிரிப்டோகோரைன் வென்டிட்டி. இலங்கையின் ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிற செடி, நம் சூட்டுக்கு அசராது. நட்ட இரண்டாம் வாரம் இலையெல்லாம் கூழாகிப் போகும். அதைப் பார்த்துப் பிடுங்கி எறிந்தவர்கள் நிறையப் பேர். வேர் உயிரோடுதான் இருக்கும், விட்டுவைத்தால் புது இலை வரும். கட்டையில் ஜாவா ஃபெர்ன், அனுபியஸ். இரண்டுக்கும் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைக்கக் கூடாது, கறுப்பு நூலால் கட்டைமேல் கட்டிவிடுங்கள். நான்காவதாக, மிதக்கும் செடி. சால்வினியா கிடைத்தால் நல்லது.

வேலையைக் குறைக்கிற செடி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த மிதவையைத்தான் சொல்வேன். இலை காற்றில் இருப்பதால் அதற்குக் கார்பன் டை ஆக்ஸைடு பஞ்சம் கிடையாது. விளக்குக்கு நேர் கீழே இருப்பதால் வெளிச்சமும் முழுதாகக் கிடைக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவையும் நைட்ரேட்டையும் அது உறிஞ்சி எடுத்துவிடும். வாராவாரம் தண்ணீர் மாற்றுவதற்குப் பதிலாக ஒரு கைப்பிடி மிதவையை அள்ளி எடுத்தாலே போதும். பாதி மேற்பரப்புக்கு மேல் விடாதீர்கள்.

விளக்கு சாதாரண வெள்ளை எல்இடி, டைமரில் 6 மணி நேரம். ஃபில்டர், ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச். கடையில் ஃபில்டரோடு கரித்துண்டு கொடுத்தால் போடாதீர்கள், நிறத்தை அதுவே உறிஞ்சிவிடும். பம்பை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள்.

இனி இலை. சென்னையில் தெருவுக்கு ஒரு நாட்டு வாதுமை மரம் இருக்கிறது, அதைத்தான் நாம் பாதாம் மரம் என்கிறோம். இலை சிவந்து, பழுத்து, தானாக விழுந்து, மொறுமொறுவென்று காய்ந்ததைத்தான் பொறுக்க வேண்டும். பச்சை இலை வேண்டாம். மெயின்ரோட்டு ஓரத்து மரமும், கொசு மருந்து அடிக்கிற இடமும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கூடத்து மதில் ஓரம் கொட்டிக் கிடக்கும். நான் ஒரு சீசனில் அரிசிச் சாக்கு நிறைய எடுத்து வைத்துவிடுவேன். இதையே ஆன்லைனில் பத்து இலை, இருபது இலை என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். இலைக்காகக் காசு கொடுக்கும் ஊரா இது? காய்ந்த கொய்யா இலை, பலா இலை, வாழைச் சருகு இவையும் நன்றாக வேலை செய்யும். அரளி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது, விஷம்.

இலையைக் கழுவி, மேலே வெந்நீர் ஊற்றி, ஆறியதும் போடலாம். ஒன்றிரண்டு நாள் மிதந்துவிட்டு அடியில் படியும். முதல் வாரம் மூன்று இலை, அடுத்த வாரம் இன்னும் மூன்று. ஒரே நாளில் இருபது இலை போட்டால் அவை விடுகிற சத்தில் பாக்டீரியா பெருகி, தண்ணீர் மங்கி, ஆக்ஸிஜன் குறைந்து, விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மெல்லிய டிக்காஷன் நிறம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். இலை மட்கி நரம்பு மட்டும் நிற்கும்போது அதை எடுக்க வேண்டாம், மேலே புதிதாக ஒன்று இரண்டு போட்டால் போதும். அந்த மட்கலில் வாழ்கிற நுண்ணுயிர்களைத்தான் மீன்கள் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும். எங்கள் அத்தை மட்டும் இன்னும், "ஏம்மா, அந்தத் தண்ணிய மாத்தவே மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

மீன் விடுவதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் செடியோடு மட்டும் ஓடவிடுங்கள். கடைக்காரர்கள் மறுநாளே விடலாம் என்பார்கள், கேட்காதீர்கள். புது இலை துளிர்த்து, அமோனியா சோதனை பூஜ்யம் காட்டியபின் மீன் வாங்கக் கொளத்தூருக்குக் கிளம்பலாம்.

சென்னைக்கு நியான் டெட்ரா மீனைவிடக் கார்டினல் டெட்ரா பொருத்தம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கார்டினலுக்குச் சிவப்புக் கோடு உடல் முழுக்க ஓடும், நியானுக்குப் பின்பாதியில் மட்டும். நியான் குளிர்ச்சியை விரும்பும். மேல் ரியோ நீக்ரோ மீனான கார்டினல் 28, 29 டிகிரியைத் தாங்கும். ஒரு பத்துக் கார்டினல், அல்லது மலாய்ப் பக்கத்து ஹார்லிக்வின் ரஸ்போரா எட்டு. அதோடு ஹனி கௌராமி ஒரு ஜோடி. கங்கை, பிரம்மபுத்திராச் சமவெளி மீன் அது, அசல் கறுப்புத் தண்ணீர்க்காரன் இல்லை. ஆனால் மிதவைகளின் நடுவே நுரைக்கூடு கட்டும் சமயத்தில் ஆண் மீனின் உடல் தேன் நிறமாகி, தொண்டை கறுத்துப்போவதைப் பார்த்தால் விட்டுக்கொடுக்க மனசு வராது. இத்தனை போதும். "இன்னும் ஆறு போடலாம்க்கா, தாங்கும்" என்று கடைத் தம்பி சொல்வார். தொட்டி தாங்கும், உங்கள் ஞாயிற்றுக்கிழமை தாங்காது. நத்தை வேண்டாம், இந்தத் தண்ணீரில் ஓடு அரிக்கும்.

கடைத் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். கவரில் மீட்டரை விட்டுப் பாருங்கள், 700 காட்டினால் ஆச்சரியமில்லை. அங்கிருந்து நேராக 100க்குத் தள்ளினால் மீன் அதிர்ந்துபோகும். மீனைத் தண்ணீரோடு ஒரு சின்ன வாளிக்கு மாற்றி, ஏர் டியூபின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையில் ஒரு முடிச்சுப் போட்டு வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விழ விடுங்கள். இரண்டு மணி நேரம் ஆகட்டும். தண்ணீர் நான்கு மடங்கானதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

அதன்பின் வேலை என்று பார்த்தால் கொஞ்சம்தான். தினம் ஒரு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி. வாரம் ஒரு நாள் பட்டினி. ஆவியாகிக் குறைந்ததை ஆர்ஓ அல்லது மழை நீரால் மட்டும் நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதன்மேல் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் சில மாதத்தில் டிடிஎஸ் 400ஐத் தொடும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள், முதலில் கலந்த அதே கலவையால்.

இதில் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பிஎச் 6ல் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற வடிவில் இருக்கும், மீனை அவ்வளவாகப் பாதிக்காது. தொட்டி கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் மீன்கள் சும்மா இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஊருக்குப் போய்விட்டு வந்து, தொட்டி பாவம் என்று குழாயைத் திறந்து பாதித் தண்ணீரை மாற்றினால் பிஎச் 8க்கு ஏறும், நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய நூறு மடங்காகும். "தண்ணி மாத்தினேன், மறுநாள் எல்லாம் செத்துப்போச்சு" என்று கேள்விப்படுகிறோமே, அதில் பாதி இந்தக் கதைதான். ஒரு வாரம் ஊருக்குப் போனால் யாரையும் தீனி போடச் சொல்ல வேண்டாம், வளர்ந்த மீன் தாங்கிக்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் தொட்டி 31, 32ஐத் தொடும்போது, மேல்மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்கேற்பத் தண்ணீரும் வேகமாகக் குறையும், ஆர்ஓ கேனைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அள்ளி எடுத்த மிதவையை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். சால்வினியாவின் ஓர் இனம் கேரளத்தின் காயல்களையும் வயல்களையும் மூடி, படகு போக முடியாமல் செய்தது. ஆப்பிரிக்கன் பாயல் என்று அங்கே பெயர், வந்ததென்னவோ பிரேசிலிலிருந்து. மாடியில் ஒரு நாள் வெயிலில் காயப் போட்டு ரோஜாத் தொட்டியில் போட்டுவிடுங்கள், நல்ல உரம்.