தண்டுத் துளைப்பானுக்கு ஈடுகொடுக்கும் பூசணி ரகங்களை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

வட அமெரிக்காவில், ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுள், நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த சுக்கினி என்னும் கோடைப் பூசணிச் செடியைக் கோடையின் நடுவில் பறிகொடுக்காதவர்கள் குறைவு. காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி நண்பகலில் துவள்கிறது. மாலையில் மீண்டும் தேறுகிறது. வெயிலின் வேலை என்று எண்ணிக் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். சில நாட்களில் அது எழுவதே இல்லை. அப்போது அடித்தண்டைக் குனிந்து பார்த்தால், ஈர மரத்தூளைப் போன்ற மஞ்சள் கலந்த கழிவு ஒரு சிறு துளையிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருப்பது தெரியும். தண்டுத் துளைப்பான், அதாவது மெலிட்டியா குகுர்பிட்டே என்னும் அந்துப்பூச்சியின் புழு, தண்டுக்குள் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதற்கு மருந்து, வலை, பொறி, கத்தி எனப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. அவை எதுவும் பயனற்றவை அல்ல. ஆயினும் விதைப்பதற்கு முன் எந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது செய்யும் வேலையில் பாதியை, விதைத்த பிறகு செய்யும் எதுவும் செய்வதில்லை.

பூச்சியின் வாழ்க்கையை ஓரளவு அறிந்துகொண்டால் காரணம் விளங்கும். பெரும்பாலான அந்துப்பூச்சிகளைப் போல இது இரவில் திரிவதில்லை. பகலில், அதுவும் நல்ல வெயிலில், குளவியைப் போல ரீங்காரமிட்டுப் பறக்கும். செம்மஞ்சள் வயிற்றில் கரும்புள்ளிகளும், பசுமை படர்ந்த கரிய முன்னிறகுகளும், கண்ணாடி போன்ற பின்னிறகுகளும் கொண்டது. பெண் பூச்சி, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான பழுப்பு முட்டைகளைத் தண்டின் அடிப்பகுதியில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் முட்டை பொரிந்ததும், புழு தண்டைத் துளைத்து உள்ளே நுழைந்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை உள்ளிருந்தே தின்னும். பிறகு வெளியேறி, மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில் கூடு கட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும். வடபகுதிகளில் ஆண்டுக்கு ஒரு தலைமுறையும், தெற்கே இரண்டு தலைமுறைகளும் தோன்றுகின்றன.

புழு உள்ளே நுழைந்த பிறகு வெளியே தெளிக்கும் எதுவும் அதை எட்டுவதில்லை. ஆகவே புழு நுழையத் தடுமாறும் தண்டு, நுழைந்தாலும் செடி சாகாத கொடி ஆகிய இரண்டுமே நமக்குத் தேவை.

விதை உறையில் பார்க்க வேண்டிய பெயர்

பூசணி என்று பொதுவாக அழைக்கப்படுபவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. சுக்கினி, மஞ்சள் கோடைப் பூசணி, அக்கார்ன், டெலிகேட்டா, ஹாலோவீனுக்குச் செதுக்கப்படும் பெரும்பாலான பூசணிகள் ஆகியவை குகுர்பிட்டா பெப்போ இனத்தவை. ஹப்பர்ட், பட்டர்கப், கபோச்சா ஆகியவை குகுர்பிட்டா மேக்ஸிமா இனத்தவை. இவ்விரண்டு இனங்களின் தண்டும் இலைக்காம்பும் தடித்தும், மென்மையாகவும், பெரும்பாலும் உள்ளே குழலாகவும் இருப்பதால் புழுவுக்கு இடமும் உணவும் தாராளமாகக் கிடைக்கின்றன. புதர் போல வளரும் சுக்கினிக்கு ஒரே அடித்தண்டுதான் உண்டு. அது போனால் செடியே போயிற்று.

குகுர்பிட்டா மொஸ்காட்டா இனத்தின் தண்டு மெலிந்தது, கெட்டியானது, உள்ளீடு நிறைந்தது. அத்துடன் கொடி தரையில் ஓடும்போது ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் இயல்பு அதற்கு வலுவாக உண்டு. பட்டர்நட் வகைகள் யாவும் இந்த இனத்தவை; தமிழர் பரங்கி என்றும் அரசாணி என்றும் அறிந்த காயும் பெரும்பாலும் இதே இனந்தான். குகுர்பிட்டா ஆர்கிரோஸ்பெர்மா என்னும் நான்காவது இனமும் இப்பூச்சிக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். பச்சைக் கோடுகளும் வளைந்த கழுத்தும் கொண்ட குஷா இதைச் சேர்ந்தது.

எனவே விதை வாங்கும்போது உறையின் முன்புறத்துப் படத்தை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அறிவியல் பெயரைப் படியுங்கள். நோய் எதிர்ப்பு உள்ளது என்று விளம்பரப்படுத்தப்படும் சுக்கினி ரகங்களில் அந்த எதிர்ப்பு, பெரும்பாலும் வைரஸ் நோய்களையும் சாம்பல் நோயையுமே குறிக்கும். தண்டுத் துளைப்பானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஈடுகொடுத்தல் என்பது முற்றாகத் தப்பித்தல் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அருகில் பெப்போவோ மேக்ஸிமாவோ இல்லாத இடத்தில் மொஸ்காட்டாவின் மீதும் பூச்சி முட்டையிடும். சில வேளைகளில் இலைக்காம்பில் ஒரு புழு தென்படவும் செய்யும். ஆனால் அதனால் கொடி மடிவது அரிது.

எந்த ரகத்தை வைப்பது

சுக்கினியின் இடத்தை நிரப்ப வேண்டுமானால் என் முதல் தேர்வு ட்ராம்பொன்சினோ. இத்தாலியிலிருந்து வந்த இந்த மொஸ்காட்டா ரகம், வெளிர்பச்சை நிறத்தில், நீண்டு வளைந்து, நுனியில் மட்டும் பருத்த காய்களைத் தரும். விதைகள் யாவும் அந்தப் பருத்த நுனியில் அடங்கிவிடுவதால் நீண்ட கழுத்துப் பகுதி முழுவதும் விதையற்ற சதையாகவே கிடைக்கிறது. சுக்கினியைக் காட்டிலும் நீர்ச்சத்து குறைந்து, வேகவைத்தாலும் குழையாமல் நிற்கும். எட்டு முதல் பதினைந்து அங்குல நீளத்தில், தோலில் நகம் எளிதில் பதியும் பருவத்திலேயே பறித்துவிடுவது நல்லது. விட்டுவைத்தால் மூன்றடி வரை நீண்டு, பழுப்பேறி, முற்றிய பூசணியாகவும் பயன்படும். ஆனால் முற்றிய நிலையில் அதன் சுவை பட்டர்நட்டுக்கு நிகரில்லை. ஒரு குறை உண்டு: இது பெருங்கொடி. சுக்கினிக்கு ஒதுக்கிய மூன்றடிச் சதுரத்தில் இதை அடக்க முடியாது.

சேமித்து வைக்கும் பூசணி வேண்டுவோர்க்கு வால்தம் பட்டர்நட் பழகிய, நம்பகமான ரகம். விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 100 முதல் 110 நாட்களில் முற்றும். கோடை குறுகிய வடபகுதிகளில் விரைவில் முற்றும் பட்டர்நட் ரகங்களையும், இடம் குறைந்தவர்கள் பட்டர்புஷ் போன்ற குறுங்கொடி ரகங்களையும் தேடலாம்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தென்பகுதிகளில் செமினோல் பூசணிக்கு இணையில்லை. ஃபுளோரிடாவின் செமினோல், மிக்கோசுக்கி மக்கள் வழிவழியாக வளர்த்துவந்த இந்த ரகம், 25 அடிக்கும் மேல் படரும். மரங்களின் மீதும் ஏறும். தோல் மிகக் கடினமானது. கபோச்சாவின் மாவுத்தன்மையை விரும்புகிறவர்கள் டெட்சுகபுட்டோ என்னும் ஜப்பானியக் கலப்பினத்தை முயலலாம். அது மேக்ஸிமாவும் மொஸ்காட்டாவும் கலந்து உருவானது. அதன் ஆண் பூக்களின் மகரந்தம் பயன்படாது என்பதால், அருகில் அவ்விரண்டில் ஏதேனும் ஓர் இனத்தின் கொடி இருந்தாக வேண்டும். பட்டர்நட் ஒன்றை உடன் வைப்பதே எளிய வழி.

விதைப்பும் கொடியைப் படரவிடுதலும்

மொஸ்காட்டா குளிரைத் தாங்காது. பனி பொழியும் அபாயம் நீங்கி, மண்ணின் வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 21 டிகிரி செல்சியஸை, எட்டிய பிறகே விதைக்க வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் விதை முளைப்பதற்கு முன் அழுகிவிடும். வடக்கே இருப்பவர்கள் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்பே வீட்டுக்குள் சிறு தொட்டிகளில் முளைக்கவைத்து, வேர் கலையாமல் நடலாம். விதையை ஓர் அங்குல ஆழத்தில், மட்கிய எரு கலந்த மேட்டில், மேட்டுக்கு மூன்று நான்காக ஊன்றி, முளைத்தபின் வலுவான இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். பட்டர்நட்டுக்கு மேடுகளுக்கிடையே ஐந்தாறு அடியும், செமினோலுக்கு அதைவிடக் கூடுதலாகவும் இடைவெளி வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும்.

ட்ராம்பொன்சினோவைப் பந்தலில் ஏற்றுவதே சிறந்தது. தொங்கும் காய்கள் நேராக நீளும். தரையில் கிடந்தால் சுருண்டுகொள்ளும். பந்தல் ஆறு முதல் எட்டடி உயரமும், காய்களின் எடையைத் தாங்கும் உறுதியும் உடையதாக இருக்கட்டும். பட்டர்நட்டையும் செமினோலையும் தரையில் ஓடவிடுவதில் வேறொரு நன்மை இருக்கிறது. கொடி மூன்று நான்கடி ஓடியதும், இலைக் கணுக்கள் சிலவற்றின் மீது ஈர மண்ணை ஒரு கையளவு அள்ளி மூடிவிட்டால், அங்கே புதிய வேர்கள் இறங்கும். அடித்தண்டில் புழு புகுந்துவிட்டாலும் கொடியின் மீதிப் பகுதி அந்த வேர்களைக் கொண்டு காயை முற்றவைத்துவிடும். ஐந்து நிமிட வேலை. கோடை முழுவதற்கும் காப்பு. பந்தலில் ஏற்றும் கொடியிலும் முதல் இரண்டு கணுக்களைத் தரையோடு பதித்துவிட்டு மேலே ஏற்றலாம்.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் ஆண் பூக்களே வரும். அவை உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். தேனீக்கள் குறைந்த தோட்டத்தில், பூ விரிந்த காலைப் பொழுதிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். நண்பகலுக்குள் பூ மூடிவிடும்.

சுக்கினியை விட மனமில்லாதவர்களுக்கு

இனத்தை மாற்றினாலும் பூச்சியின் வரவைக் கவனித்திருப்பது நல்லது. வடபகுதிகளில் அது ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ, சாலையோரச் சிக்கரிச் செடிகள் நீலமாகப் பூக்கும் வேளையில் வெளிவரும். மஞ்சள் நிறம் அதைக் கவரும் என்பதால், மஞ்சள் கிண்ணமொன்றில் தண்ணீர் நிரப்பிச் செடிகளுக்கு அருகே வைத்தால் சில பூச்சிகள் விழுந்து, வரவை அறிவிக்கும்.

தோட்டத்தில் சுக்கினியும் இருந்தே ஆக வேண்டும் என்றால், அதை மெல்லிய துணி வலையால், விளிம்புகளை மண்ணிட்டு மூடி, முளைத்த நாள் முதல் பெண் பூ விரியும் வரை காக்கலாம். சென்ற ஆண்டு பூசணி இருந்த பாத்தியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. மண்ணுக்குள் உறங்கிய பூச்சி வலைக்குள்ளேயே எழுந்துவரும். வடக்கே ஜூலைத் தொடக்கத்தில் இரண்டாம் முறை சுக்கினி விதைப்பதும் கைகொடுக்கும். செடி பெரிதாகும்போது முட்டையிடும் காலம் முடிந்திருக்கும்.

புழு புகுந்துவிட்ட தண்டை மெல்லிய கத்தியால் நீளவாக்கில் கீறி, புழுவைக் கொன்று, கீறிய இடத்தை ஈர மண்ணால் மூடுவதும் உண்டு. ஒரே தண்டில் பல புழுக்கள் இருக்கக்கூடும் என்பதால் ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். நீல ஹப்பர்ட்டை ஓரத்தில் நட்டுப் பூச்சியை அதன் பக்கம் இழுக்கும் முறை வயல்களுக்குப் பொருந்தும். சிறிய வீட்டுத் தோட்டத்தில், புழுக்கள் மண்ணில் இறங்குவதற்கு முன் அந்தச் செடியைப் பிடுங்கி அழிக்காவிட்டால், அது பூச்சிக்கான பண்ணையாகிவிடும்.

அறுவடையும் பருவ முடிவும்

பட்டர்நட்டின் பச்சைக் கோடுகள் மறைந்து, தோல் முழுவதும் ஒரே பழுப்பாகி, நகம் பதியாத நிலைக்கு வந்ததும், உறைபனிக்கு முன், காம்பில் ஓர் அங்குலமாவது விட்டு வெட்டியெடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்த காய் அந்த இடத்திலிருந்தே அழுகத் தொடங்கும். காற்றோட்டமுள்ள வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் பதப்படுத்திய பிறகு, 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் உலர்ந்த இடத்தில் வைத்தால் சில மாதங்கள் கெடாது. குளிர்பெட்டி அதற்கு ஏற்ற இடமல்ல. செமினோல் இன்னும் நெடுநாள் தாங்கும்.

அறுவடை முடிந்ததும் சுக்கினிக் கொடிகளை அப்படியே காயவிடாமல் உடனே அகற்றுங்கள்; உள்ளே மீதமிருக்கும் புழுக்கள் மண்ணுக்குள் இறங்க அவகாசம் தரக் கூடாது. புழு இருந்த பாத்தியை இலையுதிர்காலத்தில் மேலாக இரண்டு அங்குலம் கிளறிவிட்டால் கூடுகள் வெளிப்பட்டுப் பறவைகளுக்கும் குளிருக்கும் இரையாகும். ஆழமாகக் கொத்த வேண்டாம். பூசணிப் பூக்களை நாடிவரும் தனித்தேனீக்கள் அதே மண்ணில் அதைவிட ஆழத்தில் கூடு வைத்திருக்கும்.

மொஸ்காட்டாவின் விதையைச் சேமித்து அடுத்த ஆண்டு விதைக்கலாம், ஆனால் பட்டர்நட்டும் ட்ராம்பொன்சினோவும் ஒரே இனமாதலால் அருகருகே இருந்தால் கலந்துவிடும். இந்த ஆண்டுக் காய் மாறாது, அதன் விதையிலிருந்து வரும் செடிதான் மாறும். தூய விதை வேண்டுமானால், மறுநாள் விரியவிருக்கும் ஆண் பூவையும் பெண் பூவையும் முந்தைய மாலையே நூலால் கட்டிவைத்து, காலையில் கையால் மகரந்தம் சேர்த்து, பெண் பூவை மீண்டும் கட்டிவிட்டு, அந்தக் காயின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு நாடா கட்டிவையுங்கள்.