கீழடி ப்ராஜெக்ட்டுக்கு உதவி கேட்பது எப்படி?

"அண்ணா, கீழடி பத்தி எல்லா விவரமும் அனுப்புங்க, நாளைக்கு சப்மிட் பண்ணணும்" என்று கேட்டால் யாரும் பதில் போடமாட்டார்கள், போடவும் கூடாது. முதலில் தலைப்பை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்: கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் மாதிரி பெயர்களை ஏன் கீறி வைத்தார்கள்? அப்புறம் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையைத் தேடிப் படியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, மதுரைப் பக்கம் இருப்பவர்கள் 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கே ஒரு நடை போய்வரலாம். விக்கிப்பீடியாவா? சரி, ஆனால் கட்டுரையை விட அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியல்தான் உருப்படியானது. இத்தனைக்குப் பிறகும் எங்காவது இடித்தால், இதைப் படித்தேன், இந்த இடம் புரியவில்லை என்று எழுதிக் கேளுங்கள், அதுவும் ஒரு வாரம் முன்னாடியே.