மலைச்சரிவில் மழையை உயரவாரியாக அளப்பது எப்படி?

நீலகிரி மலையிலுள்ள ஊட்டியும் அவலாஞ்சியும் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ளவை. ஆனால் 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் கொட்டிய 82 செ.மீ.க்கு அருகில்கூட ஊட்டி வரவில்லை. தென்மேற்குக் காற்று, அவலாஞ்சி இருக்கும் மலையின் மேற்கு விளிம்பில் மேலேறிக் குளிர்ந்து ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஆகவே ‘உயரம் கூடினால் மழை கூடும்’ என்று ஒரே கோடு போட்டுக் கணக்கிடாதீர்கள். காற்று எந்தப் பக்கம், எந்தப் பருவம் என்று பிரித்த பிறகே உயரத்தைப் பாருங்கள்.

1:50,000 அளவுள்ள நில அளவை வரைபடத்தில் நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைந்து, மேற்குச் சரிவு, கிழக்குச் சரிவு எனப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் 300 மீட்டர் உயரப் பட்டைகளாக்கி, பட்டைக்கு ஒரு மழைமானியாவது வையுங்கள். கனமழை பெய்யும் மலைப்பகுதிக்கு 130 சதுர கி.மீ.க்கு ஒன்று என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. சிறிய ஓடைப் படுகைக்கு அது போதவே போதாது. அடிவாரத்திலும் உச்சியிலும் மட்டும் வைத்தால், வெப்பமண்டல மலைகள் பலவற்றில் உச்சிக்குக் கீழே நடுச்சரிவில் விழும் அதிகபட்ச மழை கணக்கிலேயே வராது.

மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், துல்லியமான மட்டத்தில் இருக்கட்டும். மரமோ கட்டடமோ அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். மொட்டை முகட்டில் வைக்காதீர்கள். காற்று துளிகளை வாயைத் தாண்டி அடித்துச் சென்று அளவைக் குறைத்துவிடும்.

தினமும் காலை 8.30க்கு அளவெடுங்கள். 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 1 மி.மீ. மழை 20 மி.லி. ஆகும். அதற்கான அளவுக் குடுவையை 100 சதுர செ.மீ. மானிக்குப் பயன்படுத்தினால் மழை பாதியாகப் பதிவாகும். இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது. 10 லிட்டர் கலம் 500 மி.மீ.யில் நிரம்பி வழியும். அவலாஞ்சி போன்ற நாளுக்கு 16.4 லிட்டர் தேவை. கனமழை நாட்களில் 3 மணிக்கொரு முறை அளந்து கொட்டிவிட்டு, கடைசியில் கூட்டுங்கள். புனலில் இலை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சராசரி எடுக்கும்போது பரப்பு முக்கியம். உதாரணமாக, கீழ்ப்பட்டை 55%, நடு 30%, மேல் 15%; மழை முறையே 1,400, 2,200, 3,000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே கூட்டி மூன்றால் வகுத்தால் 2,200. பரப்பால் பெருக்கிக் கூட்டினால் 1,880தான். 10 சதுர கி.மீ. படுகையில் இந்த 320 மி.மீ. வித்தியாசம் 32 லட்சம் கன மீட்டர். இல்லாத அந்தத் தண்ணீரை நம்பித் தடுப்பணை கட்டிவிடக் கூடாது.

சோலைக்காடு இருந்தால் இன்னொன்றும் உண்டு. இலைகளில் படியும் மூடுபனி சொட்டி மண்ணுக்குள் இறங்குவதைத் திறந்தவெளி மானி பிடிக்காது. மர விதானத்தின் கீழ் நீளமான தொட்டிகளை வைத்து அதைத் தனியாக அளந்து, தனிப் பத்தியில் எழுதிவையுங்கள்.