கப்பல் ஏறும் முன் தங்குமிடமும் வண்டியும்: கிள்ளான், பினாங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொகுசுக் கப்பலின் பயணச் சீட்டில் 'கோலாலம்பூர்' என்று அச்சிட்டிருக்கும். அதை நம்பிப் பலர் நகர நடுவிலுள்ள புக்கிட் பிந்தாங்கில் அறை எடுத்துவிடுகிறார்கள். கப்பல் நிற்பதோ நகர மையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பூலாவ் இண்டா தீவில். பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் வரைபடத்தைப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். எந்த இடத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் போவதுதான் முதல் தவறு.

'போர்ட் கிள்ளான்' என்று தேடுவது

வரைபடச் செயலியில் வெறுமனே 'போர்ட் கிள்ளான்' என்று தட்டினால் அது பழைய துறைமுக நகரத்தைக் காட்டும். கேடிஎம் கோமுட்டர் ரயிலின் கடைசி நிறுத்தமான பெலாபுஹான் கிள்ளான் நிலையம் அங்கேதான் இருக்கிறது. கேத்தாம் தீவுக்குப் படகு ஏறும் துறையும் அதன் அருகிலேயே உண்டு. தண்ணீரையும் படகையும் பார்த்ததும் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் சொகுசுக் கப்பல் முனையம் அங்கிருந்து சாலை வழியே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நடந்து போக முடியாது. அங்கிருந்து முனையத்துக்குப் பேருந்தை நம்பியும் புறப்பட முடியாது.

முன்பதிவுத் தளங்கள் இந்தக் குழப்பத்தைக் கூட்டிவிடுகின்றன. அவற்றில் பல, தொலைவை நேர்க்கோட்டில் அளந்து காட்டுகின்றன. துறைமுக நகரத்துக்கும் முனையத்துக்கும் நடுவே கடல் இருப்பதால் நேர்க்கோட்டுத் தொலைவு குறைவாகத் தெரியும். காரோ கிள்ளான் பக்கம் திரும்பி, பாலம் ஏறி, தீவுக்குள் சுற்றி வர வேண்டும். ஆகவே தளம் சொல்லும் தொலைவை விட்டுவிடுங்கள். விடுதியின் பெயரையும் முனையத்தின் பெயரையும் வரைபடத்தில் கொடுத்து, கார் வழியைக் கேளுங்கள். நீங்கள் புறப்படப்போகும் கிழமையையும் நேரத்தையும் அதில் கொடுத்துப் பாருங்கள். ஞாயிறு இரவில் பார்த்தால் 50 நிமிடம் என்று காட்டும் வழி, வேலை நாள் மாலையில் இரண்டு மணி நேரம் வரை இழுக்கலாம்.

தேட வேண்டிய பெயர் 'போர்ட் கிள்ளான் குரூஸ் டெர்மினல்'. பழைய வரைபடங்களிலும் சில பதிவுத் தாள்களிலும் 'பூஸ்டெட் குரூஸ் சென்டர்' என்றிருக்கும். கொஞ்சம் வயதான ஓட்டுநர்கள் 'ஸ்டார் குரூஸ் ஜெட்டி' என்பார்கள். மூன்றும் ஒரே இடம். 'வெஸ்ட்போர்ட்ஸ்' என்று மட்டும் போடாதீர்கள். அது உங்களைக் கொள்கலன் லாரிகள் நுழையும் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். ஓட்டுநரிடம் மலாயில் சொல்வதானால் 'தெர்மினல் கபால் பெர்சியாரான், பூலாவ் இண்டா' என்று சொல்லுங்கள். அதில் பூலாவ் இண்டா என்ற பகுதியை விடவே கூடாது.

இன்னும் இரண்டு பெயர்க் குழிகள் உண்டு. கிள்ளானில் பண்டார் புக்கிட் திங்கி என்ற பகுதி இருக்கிறது. பேரங்காடியும் நல்ல விடுதிகளும் அங்கே உண்டு, முனையத்துக்குப் போகவும் வசதி. இதே பெயரில் பகாங் மாநிலத்தின் பெந்தோங் பக்கம் மலைமேல் இன்னொரு புக்கிட் திங்கி இருக்கிறது. அது கெந்திங் போகிற திசை, துறைமுகத்துக்கு நேர் எதிர். முன்பதிவை உறுதி செய்யும் முன் முகவரியில் 'கிள்ளான், சிலாங்கூர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது குழி கிள்ளான் சென்ட்ரல். ஈப்போ, பினாங்கு பக்கமிருந்து விரைவுப் பேருந்தில் வருகிறவர்கள் கேஎல் சென்ட்ரல் போல இதுவும் ரயில் நிலையத்தோடு இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். இது நகருக்கு வடக்கே மேரு பக்கம் உள்ள பேருந்து நிலையம். ரயில் கிடையாது. அங்கிருந்து முனையத்துக்குக் கிள்ளானைத் தாண்டித் தெற்கே போக வேண்டும்.

எங்கே தங்குவது

முனையத்தை ஒட்டியே தங்கலாம் என்று நினைத்து பூலாவ் இண்டாவில் அறை தேடுவது வீண் வேலை. சுற்றிலும் கிடங்குகள், தொழிற்பேட்டை, சதுப்புநிலக் காடு. சிறு தங்குமிடங்கள் சில உண்டு. ஆனால் இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தோ பெரியவர்களுக்கு இட்லியோ வேண்டுமென்றால் அலைய நேரிடும்.

கப்பலை மட்டும் மனத்தில் வைத்து வருகிறவர்களுக்குக் கிள்ளான்தான் பொருத்தம். பண்டார் புக்கிட் திங்கியிலிருந்து முனையத்துக்கு நெரிசல் இல்லாதபோது அரை மணி நேரம். தெங்கு கிளானா சாலையின் லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. கிள்ளான் ரயில் நிலையமும் நடக்கும் தூரம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தச் சாலையில் காரை நகர்த்தவே முடியாது. அந்தச் சமயத்தில் புக்கிட் திங்கியே மேல்.

கோலாலம்பூரையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் நகரில் தங்கலாம், தவறில்லை. அப்போது பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல் பக்கம் பாருங்கள். அங்கிருந்து ஃபெடரல் நெடுஞ்சாலையைப் பிடிப்பது எளிது. கேஎல்சிசி, புக்கிட் பிந்தாங் பக்கமிருந்து கிளம்பினால் நகரத்தைவிட்டு வெளியேறவே அரை மணி போய்விடும்.

கேஎல்ஐஏ விமான நிலையத்தில் இறங்கி நேரே கப்பலுக்குப் போகிறவர்கள் நகருக்குள் வரவே தேவையில்லை. எலைட் நெடுஞ்சாலையில் வந்து எஸ்கேவிஇ விரைவுச்சாலையைப் பிடித்தால் அது பூலாவ் இண்டாவிலேயே போய் முடிகிறது. கிள்ளான் நெரிசலை முழுக்கத் தவிர்த்துவிடலாம். சுமார் ஒரு மணி நேரப் பயணம். நகரத்துக்குள் போய்த் திரும்பினால் சாலைத் தொலைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பினாங்கு, ஜோகூர், கோத்தா பாரு பக்கமிருந்து சிறிய விமானத்தில் வருகிறவர்கள் சுபாங்கில் இறங்கும் சீட்டு கிடைக்கிறதா என்று பார்க்கலாம். கிள்ளானுக்கு அது இன்னும் கிட்டம். ஆனால் ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் சுபாங்கிலும் பாதிப்பேர் கேஎல்ஐஏவிலும் இறங்கும்படி சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்காக அறை எடுக்கும்போது தேதியைக் கவனியுங்கள். சென்னை, திருச்சி விமானங்கள் பலவும் நள்ளிரவையொட்டிக் கிளம்பி மறுநாள் காலையில் இறங்குபவை. 12ஆம் தேதி இரவு கிளம்பினால் இறங்குவது 13 காலை. அறையோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். களைத்து வரும் பெரியவர்களை அதுவரை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம். முன்கூட்டியே நுழைய அனுமதி கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் கட்டிய தொகையில் அது பெரும்பாலும் சேராது, முகப்பில் கேட்பார்கள். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த வரி இல்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

வண்டியில் பெட்டி ஏறுமா?

நான்கு பேர், நான்கு பெரிய பெட்டிகள், கிராப் செயலியில் நான்கு இருக்கை வண்டி. கணக்கு சரியாகத் தோன்றும், வாசலில் வந்து நிற்பது மைவி என்ற சிறிய காராக இருக்கும். அதன் பின்பெட்டியில் பெரிய பெட்டி இரண்டு ஏறினாலே பெரிது. பெசா காரின் பின்பெட்டி 508 லிட்டர், சற்றுத் தாராளம். அதிலும் பெரியவை இரண்டு, சிறியது ஒன்று என்ற அளவோடு நிற்கும். பழைய டாக்சிகள் சிலவற்றில் எரிவாயு உருளையே பின்பெட்டியின் பாதியை எடுத்துக்கொள்ளும்.

ஆறு இருக்கை வண்டி எடுத்தால் தீர்ந்தது என்பதும் தவறு. அல்சா, இன்னோவா போன்றவற்றில் மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் கைப்பைகளுக்குத்தான் இடம். பெட்டி ஏற வேண்டுமானால் அந்த வரிசையை மடக்க வேண்டும், அப்போது நான்கு பேர்தான் போக முடியும். ஆறு பேரும் ஆறு பெட்டிகளும் என்றால் இரண்டு வண்டிகள் எடுங்கள், அல்லது விடுதி வழியாக ஒரு வேன் பேசுங்கள். வேன் பேசும்போது ஆள் எண்ணிக்கையோடு பெட்டி எண்ணிக்கையையும் அளவையும் சொல்லுங்கள். டோல் கட்டணம் பேசிய தொகைக்குள் அடக்கமா என்றும் கேளுங்கள். கிராப்பில் டோல் தனியாகச் சேரும்.

ஓட்டுநர் வராமல் போவது இன்னொரு சிக்கல். பூலாவ் இண்டாவிலிருந்து திரும்பும்போது சவாரி கிடைக்காது என்பதால் சிலர் இடத்தைப் பார்த்ததும் ரத்து செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 50 கிலோமீட்டர் வெறும் வண்டியாகத் திரும்புவது அவர்களுக்கு நட்டம். ஆகவே கிளம்பும் நேரத்தில் செயலியைத் திறக்காமல் முந்தைய நாளே முன்பதிவு செய்யுங்கள். ஒருவர் ரத்து செய்தால் இன்னொருவரைத் தேட 30 நிமிடமாவது கையில் இருக்கட்டும்.

ரயிலை விரும்புகிறவர்கள் கேஎல் சென்ட்ரலிலிருந்து கோமுட்டரில் கிள்ளான் வரை வரலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசி நிறுத்தம் வரை போகாமல் கிள்ளான் நிலையத்திலேயே இறங்குங்கள், அங்கே வண்டி கிடைப்பது எளிது. இதை முந்தைய நாளே செய்துவிட்டுக் கிள்ளானில் தங்குவது நல்லது. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

சொந்தக் காரில் வருகிறவர்கள் டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். டோல் சாவடியில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்படும் என்றால் 5 மணிக்குப் போனால் போதும் என்று நினைப்பதுதான் கப்பலைத் தவறவிட வைக்கும் கணக்கு. பயணிகள் பட்டியலை முடித்துக் குடிநுழைவுத் துறைக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் பதிவு முகப்பை 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடுவது வழக்கம். சில நிறுவனங்கள் இன்னும் முன்னதாகவே மூடும். உங்கள் பயணத்தாளில் இருக்கும் நேரம்தான் கடைசிச் சொல்.

எடுத்துக்காட்டாக, முகப்பு 4.30க்கு மூடுகிறது என்று வையுங்கள். 2 மணிக்கு முனையத்தில் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நெரிசல் இல்லாமல் ஒரு மணி நேரம், லாரி நெரிசலுக்கும் மழைக்கும் இன்னொரு மணி. ஆக 12 மணிக்குக் கிளம்ப வேண்டும். பெரும்பாலான விடுதிகளில் அறையைக் காலி செய்யும் நேரமும் அதுதான், நல்ல பொருத்தம். வெள்ளிக்கிழமை என்றால் 11 மணிக்கே கிளம்புங்கள். தொழுகை நேரத்தில், ஏறக்குறைய 12.30 முதல் 2.30 வரை, பள்ளிவாசல்களை ஒட்டிய சாலைகளில் கார்கள் இரண்டு வரிசையாக நிற்கும், ஓட்டுநர்களும் குறைவு. முனையத்தைச் சுற்றி நடந்து போய்ச் சாப்பிடக் கடை இல்லை. கிளம்பும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

கடவுச்சீட்டும் தினசரி மருந்துகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியை முனையத்தில் ஒப்படைத்தால் அது அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும்.

பினாங்கில் கதையே வேறு

இங்கே துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் மணிக்கூண்டுக்கும் பக்கத்தில். லெபோ பந்தாய், லெபோ குயின் பக்கம் தங்கினால் நடந்தே போகலாம். அதனால் இங்கே நடக்கும் தவறு, கடற்கரை ஆசையில் பத்து ஃபெரிங்கியில் தங்குவது. மலையை ஒட்டி வளைந்து வரும் குறுகிய சாலை அது. வாரக் கடைசியில் ஒரு மணி நேரத்தை எளிதாக விழுங்கிவிடும். கடற்கரையைக் கப்பலிலிருந்து இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

'பினாங்கு' என்று போட்டுத் தேடினால் புக்கிட் மெர்தாஜாம், ஜூரு விடுதிகளும் மலிவாக வந்து நிற்கும். அவை தீவில் இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் இருக்கின்றன. சுங்கை பட்டாணி, கூலிம் பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் காரை ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று இன்னும் நினைக்கிறார்கள். இப்போதைய ஃபெர்ரிகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே. காரைப் பெருநிலத்தில் பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலில் விட்டுவிட்டு ஃபெர்ரியில் வந்தால் வெல்ட் கீயில் இறங்கலாம், துறை அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

பழைய கடைவீடுகளை மாற்றி அமைத்த பாரம்பரிய விடுதிகள் அழகானவை. ஆனால் பலவற்றில் மின்தூக்கி இல்லை, செங்குத்தான மரப்படிகள்தான். முழங்கால் வலி உள்ள அம்மாவையோ தாத்தாவையோ அழைத்து வந்தால் தரைத்தள அறை இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வாசலில் கார் நிறுத்த இடம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

தைப்பூசத்தை ஒட்டிக் கப்பல் ஏறுகிறவர்கள் ரதம் போகும் நாளையும் வழியையும் முதலில் பாருங்கள். லெபோ குயின், லெபோ பினாங்கிலிருந்து தங்க ரதமும் வெள்ளி ரதமும் கிளம்பித் தண்ணீர்மலை போய்ச் சேர நாள் முழுதும் ஆகும். அந்தச் சாலைகளில் வண்டி நுழையாது. ரதம் புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலைக்குள் துறையை ஒட்டிய விடுதிக்கு வந்துவிடுங்கள், காலையில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். பினாங்கு பாலத்தில் மாரத்தான் ஓட்டம் நடக்கும் நாளில் நள்ளிரவிலிருந்து காலை வரை பாலத்தை மூடுவார்கள். டிசம்பரில் பெருநிலத்திலிருந்து வருகிறவர்கள் அந்தத் தேதியையும் பார்த்துவிட்டே அறை எடுங்கள்.