கையால சுத்துற வாஷிங் மெஷின் செய்யப் போறீங்களா, முதல்ல பழைய டிசைனைப் பாருங்க

கரண்ட் வேணாம், மோட்டர் வேணாம், கையாலயே சுத்தி துவைக்கிற மாதிரி ஒரு மெஷின் வீட்ல செஞ்சுக்கலாம்னு நிறைய பேரு ஆரம்பிக்கிறாங்க. ஒரு டிரம் வாங்கி, நடுவுல நீட்டா ஒரு கம்பியை விட்டு, ஒரு ஹேண்டிலை மாட்டி சுத்திப் பாக்குறாங்க, துணியெல்லாம் கம்பியில சுருட்டிக்கிட்டு ஒரே முடிச்சா வெளிய வருது, காலர் அழுக்கு அப்படியே இருக்கு, அப்புறம் அந்த டிரம் மொட்டை மாடியில கிடக்குது. இதுல வர்ற பிரச்சனை எல்லாமே 1750கள்ல இருந்து 1900 வரைக்கும் இங்கிலாந்துலயும் ஜெர்மனியிலயும் அமெரிக்காவுலயும் ஆளுங்க பாத்து பாத்து ஒவ்வொண்ணா தீர்த்து வச்ச பிரச்சனைதான். அதனால அவங்க என்ன செஞ்சாங்கன்னு கொஞ்சம் பாத்துட்டு அப்புறம் ரம்பத்தை எடுங்க, காசும் மிச்சம் நேரமும் மிச்சம்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல நல்லா பதியணும். துணியும் தண்ணியும் சேர்ந்து ஒரே பக்கமா சுத்திக்கிட்டே இருந்தா துணி வெளுக்காது. தண்ணி துணி இழைக்குள்ள புகுந்து வெளிய வரணும், அதாவது துணி நிக்கும்போது தண்ணி ஓடணும், இல்ல தண்ணி நிக்கும்போது துணி ஓடணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு இழுபறி இருந்துக்கிட்டே இருக்கணும். கல்லுல அடிச்சு துவைக்கும்போது நடக்குறதும் இதுதான், அடி விழும்போது உள்ள இருக்குற தண்ணி பீச்சிக்கிட்டு வெளிய வருது, வரும்போது அழுக்கையும் இழுத்துக்கிட்டு வருது. பழைய மெஷின் டிசைன் எல்லாமே இந்த இழுபறியை எப்படி உண்டாக்குறதுன்னு ஒவ்வொருத்தரும் சொன்ன பதில்தான்.

ரொம்ப பழைய பதில் டாலி. முக்காலியைத் தலைகீழா இல்லாம நேராவே ஒரு நீட்டு கம்போட அடியில மாட்டின மாதிரி இருக்கும், வட்டப் பலகை, அதுக்கு கீழ நாலஞ்சு கட்டை விரல் மாதிரி கால். அதை துணித் தொட்டிக்குள்ள விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புறதுதான் வேலை. இந்த டாலியை மூடியிலயே மாட்டி மேல ஒரு கைப்பிடி வச்சதும் அது மெஷின் ஆயிடுச்சு. 1752லயே யார்க்‌ஷையர் மெய்டன்னு ஒரு மெஷினோட படம் லண்டன் பத்திரிகையில வந்திருக்கு. 1760கள்ல ஜெர்மனியில ரீகன்ஸ்பர்க் ஊர்ல யாகோப் கிறிஸ்டியன் ஷேஃபர்னு ஒரு பாதிரியார், பூச்சி, காளான் எல்லாம் ஆராய்ச்சி பண்ணவர், கந்தல் துணிக்கு பதிலா செடி கொடியில இருந்து காகிதம் செய்யலாமான்னு பாத்தவர், அவரும் இந்த மாதிரி ஒரு துவைக்கிற தொட்டியோட டிசைனை வெளியிட்டாரு.

டாலியில முக்கியமான விஷயம், அது முழுசா சுத்தக் கூடாது. அரைச் சுத்து இப்படி, அரைச் சுத்து அப்படி. முழுசா சுத்தினா துணி கால்ல சுத்திக்கும். கையால முன்னும் பின்னும் ஆட்டுனா தோள் போயிடும்னு 1800கள்ல ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சாங்க. மூடி மேல ஒரு கனமான சக்கரம், அதுல இருந்து ஒரு கம்பி, கம்பி முனையில பல்லு வச்ச பட்டை, அந்தப் பட்டை டாலி ஷாஃப்ட்ல இருக்குற சின்ன கியரைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுக்கும். நீங்க சக்கரத்தை ஒரே பக்கமா சுத்திக்கிட்டே இருக்கலாம், கீழ டாலி மட்டும் தானா திரும்பித் திரும்பி வரும். ஷாஃப்ட் சதுரமா இருக்கும், அதனால துணி நிறைய இருந்தா டாலி மேல ஏறிக்கும், கம்மியா இருந்தா இறங்கிக்கும். எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க. 1907ல அமெரிக்காவுல அயோவா மாநிலம் நியூட்டன் ஊர்ல மேடேக் கம்பெனி பாஸ்டைம்னு ஒரு மெஷின் விட்டாங்க, அதுவரைக்கும் விவசாய மெஷின் செஞ்சவங்க, சீசன் இல்லாத மாசத்துக்கு ஒரு வேலை வேணும்னு இதைத் தொட்டாங்க. அதுவும் டாலிதான், கூடவே தொட்டியோட உள் சுவர் வரி வரியா இருக்கும், துணி அதுல உரசி அழுக்கு போகும்.

ஆனா டாலி துணியைப் பிடிச்சு இழுக்குற டிசைன், பழைய துணின்னா கிழியும், அஞ்சரை மீட்டர் சேலையெல்லாம் போட்டா அவ்வளவுதான். 1922ல அதே மேடேக் கம்பெனி ஆட்டுற பாகத்தை மூடியில இருந்து எடுத்து தொட்டிக்கு அடியில வச்சாங்க, துணியை இழுக்காம தண்ணியைத் தள்ளுற மாதிரி, அதுக்கப்புறம் டாலி கொஞ்சம் கொஞ்சமா காணாம போச்சு.

தொட்டில் மாதிரி ஆட்டுற டைப் ஒண்ணு இருந்துச்சு, அடி வளைஞ்ச பெட்டி, கால்ல ஆட்டினா தண்ணி துணி வழியா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாயும். செய்றதுக்கு ரொம்ப ஈஸி, ஆனா தண்ணி சிந்தும், இடமும் நிறைய வேணும். இன்னொண்ணு கூம்பு வச்ச குச்சி, தகரத்துலயோ செம்புலயோ ஒரு மணி வடிவம், அதை மேல கீழ அழுத்தினா தண்ணியைத் துணிக்குள்ள தள்ளி திரும்ப உறிஞ்சும். ஒரு ஆளுக்கு ரெண்டு செட் துணின்னா பக்கெட்டும் இந்தக் குச்சியுமே போதும், மெஷினே வேணாம்னு சொல்லுவேன்.

குடும்பத்துக்குன்னா நான் சொல்றது டிரம் டைப்தான். 1782ல ஹென்றி சிட்ஜியர்னு ஒருத்தர் இங்கிலாந்துல பேட்டன்ட் எடுத்தாரு, வெளிய ஒரு தண்ணித் தொட்டி, அதுக்குள்ள படுக்க வச்ச ஒரு கூண்டு, மரக் கம்பிகளால செஞ்சது, பக்கத்துல ஹேண்டில். சுத்தும்போது துணி மேல போகும், மேல போய் தண்ணிக்குள்ள தொப்புன்னு விழும், கம்பி இடைவெளி வழியா தண்ணி உள்ள வெளிய ஓடும். துணியை எதுவும் பிடிச்சு இழுக்கல, அதோட எடையே அதைத் துவைக்குது. இன்னிக்கு ஃப்ரன்ட் லோட் மெஷின் எல்லாம் இதே ஐடியாதான். நம்ம ஊருக்கும் இதுல ஒரு சம்பந்தம் இருக்கு. புதுச்சேரி பக்கத்துல குயிலாப்பாளையத்துல தங்கி வேலை பாத்த நவ்ஜோத் சாஹ்னின்னு ஒரு பிரிட்டிஷ் இன்ஜினியர், பக்கத்து வீட்டு அம்மா கையால துவைச்சு கஷ்டப்படுறதைப் பாத்துட்டு, 2018ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சு கையால சுத்துற டிரம் மெஷின் செஞ்சாரு. அந்த அம்மா பேரையே மெஷினுக்கும் வச்சாரு, திவ்யான்னு. ஈராக்ல அகதி முகாம்களுக்கு எல்லாம் போயிருக்கு. 1782 டிசைன் இன்னும் ஒரு வீட்டுப் பொம்பளையோட முதுகைக் காப்பாத்துதுன்னா அதை விட வேற என்ன வேணும்.

சரி, செய்ற வழிக்கு வருவோம். வெளித் தொட்டிக்கு, விட்டம் 46 செ.மீ., நீளம் 60 செ.மீ. கிட்ட வர்ற ஒரு பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்க ரெண்டா அறுங்க, ஒரு பாதி தொட்டி, இன்னொரு பாதி மூடி. கெமிக்கல், பூச்சி மருந்து வந்த டிரம் வேண்டவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. பெருசா இருந்தா நல்லதுன்னு 200 லிட்டர் நீல டிரம்மைத் தேடிப் போகாதீங்க. உள்ள சுத்துற டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்குற இடம் பூரா வீணா தண்ணி நிக்கும், அதுல 70 லிட்டருக்கு மேல ஊத்தணும். நான் சொன்ன அளவுல 28 லிட்டர்ல முடிஞ்சிடும்.

உள் டிரம் விட்டம் 38 செ.மீ., நீளம் 50 செ.மீ., இதுல துணி காஞ்ச எடை 3 கிலோ வரைக்கும் போடலாம். சிட்ஜியர் மாதிரி மரக் கம்பி வச்சு செய்யலாம், அழகா இருக்கும், ஆனா வேலை ஜாஸ்தி. சின்ன பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு எடுத்து சுத்தி வர 8 மி.மீ. ஓட்டை அஞ்சு செ.மீ.க்கு ஒண்ணா போடுங்க, போட்டுட்டு ஒவ்வொரு ஓட்டையையும் ரெண்டு பக்கமும் உப்புத்தாள் வச்சு வழவழன்னு தேய்ங்க, இதுல சோம்பேறித்தனம் பண்ணா நைலான் துணி ஒண்ணு கூட தேறாது. உள்பக்கம் நீளவாக்குல மூணு இடத்துல 5 செ.மீ. உயரத்துக்கு மரச் சட்டமோ பாதி அறுத்த பைப்போ பதிங்க, இது ரொம்ப முக்கியம், இது இல்லன்னா துணி அடியிலயே வழுக்கிக்கிட்டு கிடக்கும், மேல போகவே போகாது. துணி போட பக்கவாட்டுல 25க்கு 20 செ.மீ. வெட்டி, வெட்டின துண்டையே கதவா வச்சு, கீல் ஒரு பக்கம், கொக்கி ரெண்டு மறுபக்கம். கீல், கொக்கி, ஆணி, நட்டு எதுவா இருந்தாலும் எஸ்எஸ்ல, அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல்ல வாங்குங்க, துருக்கறை வெள்ளை வேட்டியில பட்டா போகாது.

இப்ப ஷாஃப்ட். டிரம்முக்கு நடுவுல ஒரே கம்பியா விடாதீங்க, ஆரம்பத்துல சொன்ன முடிச்சு இங்கதான் விழுது. ரெண்டு பக்கமும் தனித்தனியா குட்டி ஷாஃப்ட் வைங்க. 20 மி.மீ. கம்பியை ஒரு வட்டத் தகட்டுல வெல்டிங் வச்சு, அந்தத் தகட்டை டிரம் பக்கத்துல அஞ்சாறு போல்ட் போட்டு முறுக்குங்க, உள்பக்கமும் ஒரு தகடு கொடுத்தா பிளாஸ்டிக் கிழியாது. இந்த ஷாஃப்ட் தொட்டியோட விளிம்பு மேல உக்காரணும், தொட்டிச் சுவத்துல ஓட்டை போட்டு விடக் கூடாது. விளிம்புல ரெண்டு மரக்கட்டையோ நைலான் கட்டையோ வச்சு அதுல யூ மாதிரி ஒரு பள்ளம், மேல ஒரு பட்டை போட்டுப் பூட்டு, அவ்வளவுதான். தண்ணி மட்டம் ஷாஃப்டுக்கு 8 செ.மீ. கீழயே நிக்கும், அதனால சீல் வேணாம், ஒழுகவும் ஒழுகாது, டிரம்மை அப்படியே தூக்கி வெளிய எடுத்துக் கழுவலாம். பால் பேரிங் வேண்டாம், சோப்புத் தண்ணி பட்டு சீக்கிரம் இறுகிடும், கொஞ்சம் கிரீஸ் போட்ட கட்டையே போதும்.

ஹேண்டில் நீளம் 25 செ.மீ. இருக்கட்டும். ஈரத் துணி ஆறு கிலோன்னு வச்சுக்கிட்டா அதைத் தூக்குறதுக்கு கையில சுமார் மூணு கிலோ பாரம்தான் தெரியும், அதுவே 10 செ.மீ. ஹேண்டில்னா ஏழு கிலோ கிட்ட இழுக்கணும், பத்து நிமிஷம் யாராலயும் முடியாது. ஸ்டாண்டை ஷாஃப்ட் இடுப்புக்குக் கொஞ்சம் மேல வர்ற உயரத்துக்கு செய்யுங்க, குனிஞ்சு சுத்துற மாதிரி இருந்தா இந்த மெஷினால எந்தப் பிரயோஜனமும் இல்ல. சக்கரம் கனமா வைக்கலாமான்னு கேப்பாங்க, டாலிக்கு அது சரி, டிரம்முக்கு வேண்டாம், நாம அடிக்கடி நிறுத்தித் திருப்பப் போறோம்.

சுத்துற வேகத்துலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. வேகமா சுத்தினா நல்லா வெளுக்கும்னு நினைக்காதீங்க. 38 செ.மீ. டிரம்ல நிமிஷத்துக்கு 68 சுத்து கிட்டப் போனா துணி சுவத்துல ஒட்டிக்கும், விழவே விழாது, விழலன்னா துவைக்கல. 40ல இருந்து 45 சுத்து, அந்த தொப்பு தொப்புன்னு விழுற சத்தம் கேக்கணும், சத்தம் நின்னுச்சுன்னா வேகத்தைக் குறைங்க. பத்துப் பதினஞ்சு சுத்து ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், அப்பதான் துணி பின்னிக்காது. முன்னாடியே அரை மணி நேரம் ஊற வச்சு, காலர், கைமடிப்பு மட்டும் கையால சோப்பு தேச்சுட்டுப் போட்டா பத்து நிமிஷம் போதும். தண்ணி கை பொறுக்குற சூட்டுல இருந்தா இன்னும் நல்லது. நுரை ரொம்ப வர்ற பவுடர் போடாதீங்க, நுரை மெத்தை மாதிரி துணியைத் தாங்கிடும், ஃப்ரன்ட் லோட் பவுடர் பாதி அளவு போதும். உப்புத் தண்ணி ஊர்னா கொஞ்சம் சலவை சோடா சேத்துக்கோங்க. அடியில டேப் வச்சு தண்ணியை விட்டுட்டு, ரெண்டு தடவை நல்ல தண்ணி ஊத்தி ரெண்டு ரெண்டு நிமிஷம் அலசுங்க. சேலையை மடிச்சு வலைப் பையில போட்டுத்தான் உள்ள விடணும்.

துவைச்சு முடிச்சாச்சு, ஆனா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. பெட்ஷீட் பிழியறதுதான் மணிக்கட்டை உடைக்கிற வேலை, இதைப் பழைய ஆளுங்க சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாங்க. 1843லயே கனடாவுல நியூ பிரன்ஸ்விக்ல ஜான் டர்ன்புல்னு ஒருத்தர் பிழியுற ரோலர் சேத்து வச்ச மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினாரு, 1862 லண்டன் கண்காட்சியில மான்செஸ்டர் பக்கம் பெண்டில்டன் ஊர் ரிச்சர்ட் லான்ஸ்டேல் துவைக்கிறதும் பிழியுறதும் ஒண்ணா இருக்குற மெஷினைக் காட்டினாரு. மொதல்ல வெறும் மர ரோலர், அப்புறம் பதப்படுத்தின ரப்பர் வந்ததும் ரப்பர் ரோலர், பட்டன் உடையறது குறைஞ்சுச்சு.

நீங்களும் இதை விட்றாதீங்க. லேத் பட்டறையில 6 செ.மீ. தடிமன், 35 செ.மீ. நீளத்துல ரெண்டு கட்டை உருட்டித் தரச் சொல்லுங்க, மேல ரப்பர் குழாய் இறுக்கமா ஏத்துங்க. கீழ் ரோலர் இடம் மாறாம ஹேண்டிலோட, மேல் ரோலர் ஒரு பள்ளத்துல மேல கீழ நகர்ற மாதிரி, ரெண்டு பக்கமும் ஸ்பிரிங், அதுக்கு மேல திருகு. ஸ்பிரிங் இல்லாம திருகு மட்டும் வச்சா தடிச்ச துணி போகும்போது ஹேண்டில் அப்படியே நின்னுடும். கியர் தேவையில்ல, கீழது சுத்தினா துணியோட உரசல்ல மேலது தானா சுத்தும். பட்டன், ஜிப்பை உள்பக்கமா மடிச்சு விடுங்க, துணியை ரெண்டு மூணு மடிப்பா தட்டையா விடுங்க, பிழிஞ்ச தண்ணி திரும்ப தொட்டிக்கே விழுற மாதிரி விளிம்புல மாட்டுங்க. துணி விடுற கையும் ஹேண்டில் சுத்துற கையும் ஒரே ஆளோடதா இருக்கட்டும், வேற யாராவது சுத்தினா விரல் மாட்டும், பிள்ளைங்களை கிட்டயே விடாதீங்க.

வேலை முடிஞ்சதும் தண்ணியை முழுசா விட்டுட்டு டிரம் கதவையும் மூடியையும் திறந்து காய விடுங்க, இல்லன்னா வாடை பிடிச்சிடும். மரத் தொட்டியில செஞ்சவங்க மட்டும் இதுக்கு நேர் எதிரா செய்யணும், மரம் காஞ்சா சுருங்கி இடுக்கு வழியா ஒழுகும், அதனால அடியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கட்டும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க. ரோலர் திருகை மறக்காம தளர்த்தி வைங்க, அழுத்தத்துலயே விட்டா ரப்பர் ஒரு பக்கம் தட்டையாயிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் சரியா பிழியாது.