குதிரையோடு முகாம் போகிறீர்களா? கட்டுகிற இடத்தில் நடக்கும் தவறுகளைக் கவனியுங்கள்

குதிரையோடு முதல் தடவை முகாம் போகிறவர்கள் சவாரியைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தப் பாதை நல்லது, சேறு இருக்குமா, ஓடையைக் கடக்க வேண்டுமா என்று. ஆனால் ஒரு நாளில் சவாரி மூன்று, நான்கு மணி நேரம்தான். மிச்சமுள்ள இருபது மணி நேரமும் குதிரை முன்பின் தெரியாத ஓர் இடத்தில் கட்டுக்கயிற்றில் நிற்கிறது. காயமும் வயிற்றுவலியும் கயிறறுத்து ஓடுவதும் பெரும்பாலும் அந்த இருபது மணி நேரத்தில்தான் வருகின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தென்பகுதியில், ஜாக்சனுக்கும் செல்சிக்கும் நடுவே வாட்டர்லூ மாநிலப் பொழுதுபோக்குப் பகுதி இருக்கிறது. 20,000 ஏக்கருக்கு மேல் காடும் ஏரியுமாக விரிந்த இடம். அங்கேயும், பிரைட்டன், ஐயோனியா போன்ற மற்றப் பகுதிகளிலும் குதிரைக்காரர்களுக்கென்றே தனி முகாம் இடம் உண்டு. சாதாரண முகாமில் இடம் பிடித்துவிட்டுக் குதிரையோடு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பதிவு செய்யும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்டுவதற்கு வருவோம். குதிரையை நேராக மரத்தில் கட்டுவது பலரும் செய்யும் முதல் தவறு. சலிப்பில் அது பட்டையைக் கடிக்கும், முன்காலால் வேரைப் பறிக்கும். பட்டை சுற்றிலும் உரிந்துபோனால் அந்த மரம் பிழைக்காது. அதனால் இரண்டு மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே வருகிற மாதிரி இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். மரத்தைச் சுற்றி அகலமான நாடா போட்டு, அதில்தான் கயிறு மாட்ட வேண்டும். குதிரையின் கட்டுக்கயிறு இந்த மேல்கயிற்றிலிருந்து தொங்கும். குதிரை மரத்தை எட்ட முடியாத தூரத்தில் நிற்க வேண்டும். முகாமில் கம்பம் நட்டு வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், மரத்தைத் தொடவே வேண்டாம்.

எந்த மரம் என்பதையும் பார்க்க வேண்டும். 2002-ல் டெட்ராய்ட் பக்கம் மரகதப் பச்சை நிறத்தில் ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். அது தென் மிச்சிகனின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. பட்டுப்போன ஆஷ் மரம் சட்டென்று முறியும். அதில் கயிறு கட்டி அரை டன் குதிரை ஒன்று பின்னால் இழுத்தால் கிளையோ மரமோ தலையில் விழலாம். அண்ணாந்து பார்த்து, இலை இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு கட்டுங்கள். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது என்று சொல்வதும் இந்த வண்டுக்காகத்தான்.

கட்டுக்கயிற்றின் நீளத்தில்தான் நான் தவறு செய்தேன். புல் மேய வசதியாக இருக்கட்டும் என்று ஒரு முழம் கூடுதலாக விட்டேன். இரவு இரண்டு மணிக்குத் தொம்மென்று ஒரு சத்தம். டார்ச்சோடு ஓடிப் பார்த்தால் என் பெட்டைக் குதிரை ஒரு முன்காலைக் கயிற்றுக்கு மேலே போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நடுங்கி நிற்கிறது. கத்தியால் அறுத்துத்தான் விடுவித்தேன். குளம்புக்கு மேலே பின்பக்கக் குழிவில் கயிறு அரைத்துத் தோல் போயிருந்தது. ஆற மூன்று வாரம் ஆனது. மூக்கு தரையைத் தொட்டால் போதும். அதற்கு மேல் கயிறு தொங்கினால் அது கண்ணிதான். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் முகாமில் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது. புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு, மூன்று இரவு அப்படிக் கட்டிப் பாருங்கள். இடம் பழகியிருக்கும்போதே அமைதியாக நிற்காத குதிரை, காட்டில் நரி ஊளையிடும்போது எப்படி நிற்கும்?

இரண்டு குதிரைகளைக் கொண்டுபோய், ஒன்றைச் சவாரிக்கு ஓட்டிக்கொண்டு மற்றதைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டுப் போவதும் அடிக்கடி நடக்கிறது. குதிரைக்குத் தனிமை என்றால் பயம். கூட்டாளி கண்ணில் மறைந்ததும் கனைக்கத் தொடங்கும், சுற்றிச் சுற்றி வந்து வேர்த்து நனைந்துவிடும். இது அடம் இல்லை, நிஜமான பீதி. ஒருவராவது கூட இருங்கள், இல்லையென்றால் இரண்டையும் அழைத்துப் போங்கள்.

அப்புறம் தண்ணீர். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும். ஆனால் கைப்பம்புத் தண்ணீரின் இரும்பு வாசனை பிடிக்காவிட்டால் முகர்ந்துவிட்டு நின்றுவிடும். ‘தாகம் எடுத்தால் தானாகக் குடிக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் அதன் வயிற்றுவலி உயிரையே வாங்கும். முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்கினால், அதே சுவையில் எந்தத் தண்ணீரையும் குடிக்கும்.

தீவனமும் அப்படித்தான். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். அது வீட்டில் தின்றுகொண்டிருந்த அதே புல்லாக இருக்க வேண்டும். வழியில் கடையில் வாங்கிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். புதுப் புல்லுக்கு மாற்ற ஒரு வாரம், பத்து நாள் கலந்து கலந்து கொடுக்க வேண்டும். ‘இன்றைக்கு நிறைய நடந்துவிட்டதே’ என்று தானியத்தை அள்ளிப் போடுவதும் வேண்டாம். டிரெய்லரில் விரிக்கும் மரத்தூளில் கருப்பு வால்நட் கலந்திருந்தால் அதன் மேல் நிற்பதாலேயே ஒரே நாளுக்குள் கால்கள் வீங்கி, குளம்பின் உட்பகுதியில் அழற்சி வரும். காற்றில் விழுந்து வாடிய சிவப்பு மேப்பிள் இலை இன்னும் மோசம், இரத்தத்தையே கெடுத்துவிடும். இரண்டு மரமும் இங்கே தாராளமாக உண்டு, கட்டுவதற்கு முன் சுற்றிப் பார்த்து, விழுந்து கிடக்கும் இலைகளை அப்புறப்படுத்துங்கள்.

குதிரைக்குப் பக்கத்தில் இரவு முழுக்க விளக்கு எரிய விடுவது நல்லதென்று நினைப்போம். ஏரிப் பகுதியில் கோடையில் அதைச் செய்யாதீர்கள். ஒரு நாள் மட்டும் வாழும் ஈசல் போன்ற நீர்ப்பூச்சிகள் வெளிச்சத்துக்குக் கூட்டமாக வந்து புல்லிலும் தொட்டியிலும் விழும். பூச்சியோடு சேர்த்துத் தின்ற குதிரைக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பொட்டோமக் காய்ச்சல் வரலாம். கொசுவால் பரவும் கிழக்கத்திய மூளைக்காய்ச்சல் 2019-ல் தென் மிச்சிகனில் மனிதர்களையும் குதிரைகளையும் கொன்றது. குதிரைக்குத் தடுப்பூசி இருக்கிறது, கோடைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் காகின்ஸ் இரத்தப் பரிசோதனைச் சான்றும் மருத்துவரின் நலச் சான்றும் கையில் இருக்க வேண்டும். காகின்ஸ் கண்டுபிடிக்கும் தொற்று இரத்தச்சோகைக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குதிரை ஈக்கள் அதைப் பக்கத்துக் குதிரைக்குக் கடத்தும்.

குதிரைக்கு உடம்பு சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? லத்தியை எண்ணுங்கள். நலமான குதிரை நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை போடும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாடித் துடிப்பு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் படுத்து எழுந்திருப்பதும் ஆபத்தின் அறிகுறி. அப்போது நீங்களாக மருந்து கொடுக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த வட்டாரக் குதிரை மருத்துவரின் எண்ணை வீட்டிலிருந்தே எழுதி எடுத்துப் போங்கள். காட்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். உங்கள் எண்ணையும் தலைவாரில் ஒரு தகட்டில் மாட்டிவிடுங்கள். கயிறறுத்து ஓடினால் கண்டெடுப்பவர் கூப்பிட அது வேண்டும்.

நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி மான் வேட்டைக் காலம். இந்தப் பகுதிகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கிளம்பும் அவசரத்தில் இடத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு குதிரை நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் லத்தி போடும். அதை அதற்கான குழியில் கொட்டி, சிந்திய புல்லையும் வாரி, காலால் பறித்த பள்ளத்தை மூடிவிடுங்கள். வீடு சேர்ந்த பிறகும் இரண்டு நாள் லத்தியை எண்ணிக்கொண்டிருங்கள். வழியில் குடிக்காத தண்ணீரின் விளைவு சில சமயம் அப்போதுதான் தெரியவரும்.