பந்தி போட்ட பிறகு மைக்கைப் பிடிக்காதீர்கள்

மிமிக்ரி செய்து, நாலு வார்த்தை நகைச்சுவையாகப் பேசிப் பிழைக்கிறவன் நான். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி ஆண்டு விழா என்று மதுரையைச் சுற்றிப் பதினாறு வருஷமாக மேடை ஏறுகிறேன். புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, புது ஜோக் ஏதாவது இருக்கா?" ஜோக் சரியில்லாமல் நான் தோற்ற மேடைகள் ரொம்பக் குறைவு. மணியாலும் மைக்காலும் கொழுப்பெடுத்த வாயாலும் தோற்றவைதான் அதிகம்.

முதலில் மணி. ரிசப்ஷன் வீட்டார் "எட்டு மணிக்கு ஏறிடுங்க தம்பி" என்றால் உடனே தலையாட்டக் கூடாது. பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். எட்டு மணிக்குப் பாதிக் கூட்டம், சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அடுத்த பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கும். மீதிக் கூட்டம் மொய்க் கவரோடு மணமக்கள் முன் வரிசையில் நிற்கும். உங்கள் எதிரே இருப்பது, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் காக்கும் இரண்டு பெரியம்மாக்கள், அவர்கள் மடியில் தூங்கும் ஒரு குழந்தை. அவ்வளவுதான். குழந்தை விழித்துவிடும் என்று அவர்கள் உங்களை முறைப்பார்கள்.

அப்படி ஒரு மண்டபத்தில் எம்.ஆர். ராதா குரலில் ஒரு மாமியார் சண்டையைக் கட்டி எழுப்பி, கடைசி வரிக்கு வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து மைக்கை வாங்கிக்கொண்டது. "வாசல்ல வெள்ளை கார் நிறுத்தினவங்க உடனே வந்து எடுங்க, ஐஸ்கிரீம் வண்டி உள்ளே வர முடியலை." அன்றைக்கு ஊரே சிரித்தது அதற்குத்தான். இப்போதெல்லாம் ஏழு மணிக்கு, முதல் பந்திக்கு முன்னால் என்றால் மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

திருவிழாவில் மணி வேறு விதமாகக் கழுத்தை அறுக்கும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000இல் வந்த ஒலி மாசு விதி. விழா நாட்களுக்கு அனுமதி வாங்கினால் நள்ளிரவு வரை போகலாம். எல்லாக் கமிட்டியும் வாங்குவதில்லை. எட்டு மணிக்கு வரவேற்புரை தொடங்கும். பொன்னாடை, நினைவுப் பரிசு, உபயதாரர் பட்டியல், விட்டுப்போன உபயதாரர் பட்டியல் எல்லாம் முடியும்போது ஒன்பதே முக்கால். உங்கள் 45 நிமிஷ நிகழ்ச்சிக்குப் பதினைந்து நிமிஷம்தான் மிச்சம். தெருமுனையில் ஏட்டய்யா வேறு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முழு நிகழ்ச்சியை அப்போது நினைத்த இடத்தில் வெட்டப் போய் வாலும் தலையும் இல்லாமல் நின்றிருக்கிறேன். பத்து நிமிஷ வடிவம் ஒன்றைத் தனியாகப் பழகி வைத்திருங்கள்.

அப்புறம் மைக். பெரிய எதிரி எக்கோ. மைக் செட் அண்ணன் மாலையிலிருந்து பக்திப் பாடலும் அறிவிப்பும் போட்டிருப்பார், அதற்கெல்லாம் எக்கோ அழகுதான். நகைச்சுவைக்கு அது விஷம். "மாப்பிள்ளை ஓடிட்டான்" என்று நீங்கள் முடித்தால் "ஓடிட்டான்… ட்டான்… டான்…" என்று போய், அடுத்த வரியின் முதல் பாதியையும் தின்றுவிடும். மேடை ஏறுவதற்கு முன்னால் அவரிடம் போய், டீ வாங்கிக் கொடுத்து, எக்கோவை முழுசாக எடுக்கச் சொல்லுங்கள். பாதிதான் எடுப்பார். நடுவில் உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து மறுபடியும் ஏற்றுவார். டீயோடு வடையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

ரயில், பைக் சத்தம் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால், அது முன்பக்கச் சத்தத்தை மட்டும் பிடிக்கும் தன்மையை இழந்து எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும். ஸ்பீக்கர் சத்தமும் உள்ளே போய் 'ஊய்ங்' என்று கூவும். தண்டைத்தான் பிடிக்க வேண்டும். கனமான குரலுக்கு மைக்கை உதட்டருகே கொண்டுபோனால் அடிக்குரல் தானாகக் கூடும், தொண்டையைக் கிழிக்கத் தேவையில்லை.

திறந்த மைதானத்தில் எல்லாப் புது ஆட்களும் மாட்டிக்கொள்வது ஒரு இடத்தில்தான். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்கிறவரிடம் உங்கள் குரல் போய்ச் சேரக் கால் நொடிக்கு மேல், அவர் சிரிப்பு உங்களிடம் திரும்பி வர இன்னொரு கால் நொடிக்கு மேல். நடுவில் மைதானம் செத்துக் கிடப்பது போலத் தோன்றும். பயந்துபோய் அடுத்த ஜோக்கை ஆரம்பிப்பீர்கள். அப்போதுதான் போன ஜோக்கின் சிரிப்பு வந்து சேரும். இரண்டும் மோதி இரண்டும் போய்விடும். ஸ்பெஷல் நாடகத்தில் கோமாளியாக வரும் பபூன்களைப் பாருங்கள். ஒத்திகையே இல்லாமல், அன்றைக்குத்தான் சந்தித்த நடிகர்களோடு விடிய விடிய வள்ளி திருமணம் நடத்துகிறவர்கள். பபூன் ஒரு வரியை முடித்ததும் பக்கவாத்தியக்காரர் ஒரு அடி போடுவார். அந்த அடியில் கூட்டத்துக்குச் சிரிக்க நேரம் கிடைத்துவிடும். நமக்கு வாத்தியம் கிடையாது, மனசுக்குள் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

வாய் விஷயத்துக்கு வருகிறேன். முன்வரிசை ஆளிடம் பேச்சுக் கொடுப்பது சுலபமான வழி. சென்னைக் கம்பெனி டின்னரில் "சார் எங்கிருந்து வர்றீங்க?" என்றால் ஒன்றும் ஆகாது. கிராமத்தில் "அண்ணன் எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டேன், என் மூன்றாவது வருஷத்தில். மைதானம் அப்படியே அடங்கியது. தெருவைக் கேட்பது அங்கே சாதியைக் கேட்பது. அது நான் அறியாததா? சும்மா நாக்கு தவறியதுதான். அந்த மனிதர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அவரோடு ஏழெட்டுப் பேர் போனார்கள். அதற்குப் பிறகு ஊருக்குள் போனதும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, எதைப் பேசக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்கிறேன். கறுப்பு நிறம், வழுக்கை, குண்டு, மனைவி அடிப்பது இவற்றை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அதற்கெல்லாம் இப்போது சிரிப்பு வருவதில்லை.

குரலிலும் காலம் மாறிவிட்டது. நம்பியார் குரலில் கையைப் பிசைந்தால் கல்லூரிப் பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூலம் தெரிந்தால்தானே நகல் ருசிக்கும்? கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் கதையை நையாண்டியாக மாற்றிக் கிந்தனார் காலட்சேபம் செய்தபோது, கேட்கிறவர்களுக்கெல்லாம் மூலக் கதை மனப்பாடம். எதிரே இருப்பவர் யாரைக் கேட்டு வளர்ந்தவர் என்று பார்த்துக் குரலை எடுங்கள்.

காசு பற்றி ஒரே வரி: மீதிப் பணத்தை மேடை ஏறும் முன் வாங்கிவிடுங்கள், இறங்கும்போது பொருளாளர் பந்தோபஸ்து வேலையில் காணாமல் போயிருப்பார். பொன்னாடை மட்டும் தவறாமல் கிடைக்கும். எங்கள் வீட்டில் கிரைண்டருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, தையல் மிஷினுக்கு ஒன்று போர்த்தியிருக்கிறது.

கடைசியாக, மேடைக்கு வெளியே ஓசியில் குரல் கொடுக்காதீர்கள். பேங்க் வரிசையிலும் துக்க வீட்டிலும் கூட "எங்கே, ஒரு வாய்ஸ் பண்ணுங்க" என்பார்கள். இதை மட்டும் நானே இன்னும் கடைப்பிடிக்க முடியவில்லை. போன மாதம் அதிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். டீ மாஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார். முதல் டீ இறங்கிய தெம்பில் மூன்று குரல் செய்தேன். சிரிக்காமல், கண் எடுக்காமல், முழுக்கக் கேட்டார்.

"நல்லாருக்குண்ணே," என்றார். "டீ ஒண்ணா ரெண்டா?"